வேரைப் பங்கிட்டவர்களின் பூ



ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. வழக்கம்போலக் கொஞ்சம் நீளம். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் துலிப் பூவின் கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், "பியோனி என்று ஒரு பூ இருக்கிறதாமே ஐயா, சீனத்துக் கிண்ணங்களிலும் ஜப்பானியப் படங்களிலும் பார்க்கிறோம், அதைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். சரி, ஒரு பூதானே, ஒரு மாலையில் எழுதிவிடலாம் என்று தொடங்கினேன். ஒரு மாதம் ஆகிவிட்டது.

பியோனிக்குத் தமிழில் பெயர் இல்லை. நம் ஊர் வெயிலில் அது பூக்காது. படத்தில் பார்த்திருப்பீர்கள். நன்றாக மலர்ந்த அடுக்குப் பூ ஒன்று இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவு இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று நிறங்கள். பல வகைகளுக்கு ரோஜாவைப்போல மணமும் உண்டு.

இதில் இரண்டு பெரும் பிரிவு. ஒன்று மரப் பியோனி. அதன் தண்டு மரம்போல முற்றி, குளிர்காலத்திலும் நிற்கும். மற்றொன்று செடிப் பியோனி. இலையுதிர் காலத்தில் தரைக்கு மேலே இருப்பதெல்லாம் வாடிப்போகும். பனிக்காலம் முழுக்க அங்கே ஒரு செடி இருந்தது என்பதற்கே அடையாளம் இருக்காது. வசந்தம் வந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பு முளைகள் கிளம்பும். வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் இருப்பது இந்தச் செடிப் பியோனிதான். இன்று நான் சொல்லப்போவதும் அதன் கதையைத்தான்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. இந்தச் செடியின் வரலாற்றை அதன் பூவை வைத்துச் சொல்லமுடியாது, வேரை வைத்துத்தான் சொல்லமுடியும். அந்த வேரை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் கதை தானாகவே வரும்.

*வைத்தியனின் வேர்*

பியோனி என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத் தேவர்களுக்கு வைத்தியம் பார்த்தவன் பெயர் பையோன். ஹோமரின் இலியட் காவியத்தில், போரில் காயம்பட்ட தேவர்களுக்கு மருந்து போடுபவன் அவன். அவன் குருவுக்கே அவன்மேல் பொறாமை வந்ததாகவும், அந்தக் கோபத்திலிருந்து காப்பாற்ற அவனைத் தேவர்களின் அரசன் ஒரு செடியாக மாற்றியதாகவும் பிற்காலத்தில் ஒரு கதை உண்டு. குருவுக்குச் சிஷ்யன்மேல் பொறாமையா என்று ஒரு வாத்தியாராக எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும்.

பெயரே வைத்தியன் பெயர் என்றால், அந்த மக்கள் அதை முதலில் பூவாகப் பார்க்கவில்லை, மருந்தாகப் பார்த்தார்கள் என்று அர்த்தம். மருந்து வேரில் இருந்தது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர், தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் காலத்து வேர் வியாபாரிகள் சொல்லிவந்த ஒரு செய்தியை அதில் பதிவு செய்திருக்கிறார். பியோனியை இரவில்தான் தோண்டவேண்டுமாம். பகலில் போய், மரங்கொத்தி பார்த்துவிட்டால் தோண்டுகிறவன் கண் போய்விடுமாம். இதை எழுதிவிட்டு, இதெல்லாம் ஒட்டவைத்த கதை என்றும் அவரே சொல்லிவிடுகிறார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே அப்படி ஒரு ஆள்!

மூலிகை பிடுங்க நேரம் காலம் சொல்வதும், காப்புக் கட்டுவதும் நம் ஊரிலும் உண்டு. வேர் பறிப்பவர்கள் தங்கள் தொழிலைக் காத்துக்கொள்ள இப்படிக் கதை கட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். எல்லாரும் போய்த் தோண்டினால் செடி மிஞ்சாது, பிழைப்பும் மிஞ்சாது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற பெரிய மருத்துவர் இன்னொரு செய்தி எழுதினார். வலிப்பு வரும் ஒரு சிறுவன் கழுத்தில் பியோனி வேரைக் கட்டியிருந்தார்களாம். மாதக்கணக்கில் வலிப்பே வரவில்லை. வேர் கழன்று விழுந்ததும் வந்ததாம், மறுபடி கட்டியதும் நின்றதாம். அந்த ஒரு குறிப்பு நூற்றாண்டு நூற்றாண்டாகப் பயணம் செய்தது. கிரேக்கத்திலிருந்து அரபு மருத்துவத்துக்குப் போனது. அரபியில் அதன் பெயர் "ஃபாவானியா". கிரேக்கப் பெயரேதான், உச்சரிப்புதான் வேறு. அங்கிருந்து யூனானி மருத்துவத்தோடு நம் நாட்டுக்கும் வந்தது. யூனானி மருந்துக் கடைகளில் "ஊத் சலீப்" என்று கேட்டால் கிடைப்பது பியோனி வேர்தான். குறுக்கே வெட்டினால் சிலுவைபோல் கோடு தெரியும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் வேர் கட்டினால் வலிப்பு நிற்காது. வலிப்புக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நான் சொல்வது வரலாறு, வைத்தியம் அல்ல.

ஐரோப்பாவின் நடுக்காலத்தில் துறவி மடங்களின் மருந்துத் தோட்டங்களில் இந்தச் செடி இருந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே கடலில் ஸ்டீப் ஹோம் என்று ஒரு பாறைத் தீவு. அங்கே நடுக்காலத்தில் ஒரு சிறிய மடம் இருந்து அழிந்துபோனது. 1803இல் அந்தத் தீவில் காட்டுச்செடிபோல் சிவப்புப் பியோனி வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். அது இங்கிலாந்தின் சொந்தச் செடி அல்ல. துறவிகள் மருந்துக்காகக் கொண்டுவந்து நட்டிருக்கவேண்டும் என்பதே பலரின் கருத்து. மடம் இடிந்தது, ஆட்கள் போனார்கள், வேர் மட்டும் அங்கேயே இருந்தது.

*பிரியும்போது கொடுத்த செடி*

இப்போது சீனாவுக்கு வருவோம். இன்றைக்கு உலகெங்கும் தோட்டங்களில் உள்ள செடிப் பியோனிகளில் பெரும்பாலானவை சீனத்துப் பியோனியின் வாரிசுகள்.

சீனர்கள் இதை "ஷாவ்யாவ்" என்கிறார்கள். அவர்களுடைய மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கிலேயே இந்தப் பெயர் வருகிறது. வசந்த காலத்தில் ஆற்றங்கரையில் சந்திக்கும் இளைஞனும் பெண்ணும் பிரியும்போது ஒருவருக்கொருவர் ஷாவ்யாவ் கொடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இதற்குப் "பிரியப் போகிறவன்" என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. சீன மருத்துவத்திலும் இதன் வேர் முக்கியமானது. இன்றும் மூட்டை மூட்டையாக விற்கிறது.

மரப் பியோனிக்குச் சீனாவில் "முதான்" என்று பெயர். அரசவைக்குப் பிடித்தது அதுதான். பூக்களின் அரசன் முதான், மந்திரி ஷாவ்யாவ் என்று ஒரு வழக்கு உண்டு. முதானுக்கு லுவோயாங் நகரம் பேர்போனது. மந்திரிக்கு யாங்சௌ நகரம்.

யாங்சௌவின் பியோனிகளைப் பற்றி 1070களில் சீன அறிஞர்கள் தனி நூல்களே எழுதினார்கள். அதில் வாங் குவான் என்பவர் 1075இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. 39 வகைகளைப் பெயரோடு சொல்கிறார். அதைவிட, தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறாரே, அதுதான் பொக்கிஷம். இலையுதிர் காலத்தில் வேரைத் தோண்டி எடுப்பார்கள். நல்ல நீரில் கழுவுவார்கள். முற்றியதையும் அழுகியதையும் சீவி எறிவார்கள். மண்ணை மாற்றி, மணலும் எருவும் கலந்து மறுபடி நடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேரைப் பிரிப்பார்கள். பிரிக்காமல் விட்டால் பழைய வேர் இறுகிப்போய்ப் புதிய முளையைக் கெடுக்கும். அடிக்கடி பிரித்தாலும் பூ சிறுத்துவிடும். இரண்டுமே செடிக்கு நோய் என்கிறார். பூவின் நிறமும் அடுக்கும் மனிதக் கையின் உழைப்பால் வருபவை என்பது அவர் முடிவு.

அந்த நகரத்தில் பணக்காரர், ஏழை என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் பூச் சூடினார்களாம். வசந்த மாதத்தில் விடியற்காலையில் ஒரு பாலத்தருகே பூச்சந்தை கூடுமாம். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை! ஜூ என்ற குடும்பத்தின் தோட்டத்தில் மட்டும் ஐம்பது அறுபதாயிரம் செடிகள். பூக்கும் காலத்தில் மண்டபங்களை அலங்கரித்து வைத்து, வருகிறவர்களை எல்லாம் வரவேற்பார்களாம். ஒரு மாதத்துக்கு மேல் கூட்டம் ஓயாது. அந்தக் குடும்பம் அதற்கு ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை என்று வாங் குவான் குறித்திருக்கிறார்.

*விழாவை நிறுத்திய கவிஞர்*

அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுக்குள் அதே யாங்சௌவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே வந்த ஓர் ஆளுநருக்கு, லுவோயாங்கில் நடப்பதுபோல் இங்கும் "பத்தாயிரம் பூ விழா" நடத்தவேண்டும் என்று ஆசை வந்தது. நடத்தினார். ஒரு விழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூத்தண்டுகள் வேண்டும். எங்கிருந்து வரும்? ஊராரின் தோட்டங்களிலிருந்து. தோட்டம் தோட்டமாக வெட்டினார்கள். வெட்ட வந்த சிப்பந்திகள் சும்மா இருப்பார்களா? அதைச் சாக்காக வைத்து மக்களிடம் பிடுங்கித் தின்றார்கள்.

1092இல் அந்த ஊருக்குப் புதிய ஆளுநர் வந்தார். சு ஷி. சு தொங்போ என்றும் சொல்வார்கள். சீனாவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். பூவையும் நிலவையும் மதுவையும் பாடியவர். ஊரில் மக்களுக்கு என்ன குறை என்று விசாரித்தார். முதல் குறையாக வந்தது இந்தப் பூவிழா. உடனே நிறுத்திவிட்டார். ஒரு கவிஞரே பூவிழாவை நிறுத்துவது ரசனை கெட்ட செயல்தான், ஆனால் பாவம் சேராமல் தப்பித்தோம் என்ற கருத்தில் நண்பருக்குக் கடிதமும் எழுதினார்.

நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுத்தவன். பாடப்புத்தகத்தில் அரசர்களின் போரும் ஆண்டும் வரும், இப்படிப்பட்ட செய்தி வராது. ஒரு அதிகாரி பதவியேற்றதும் முதல் வேலையாக மக்களிடம் போய்க் கேட்டார் என்பதும், கேட்டதைச் செய்தார் என்பதும், போர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வரலாறு என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூ குடும்பத் தோட்டத்தில் பூ செடியிலேயே இருந்தது, ஊர் வந்து பார்த்தது. ஆளுநர் விழாவில் பூவை வெட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டிலும் பூ ஒன்றுதான். ஒன்றில் ஊர் மகிழ்ந்தது, மற்றதில் ஊர் அழுதது.

*170 ஆண்டாகச் சாகாத ஒரே செடி*

சீனத்துப் பியோனி மேற்கே போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்லாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ரஷ்ய அரசுக்காகச் சைபீரியா முழுக்கச் சுற்றியவர். 1776இல் இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவர். 1800களின் தொடக்கத்தில் சீனத் தோட்டங்களின் அடுக்குப் பூ வகைகள் கப்பலில் இங்கிலாந்து வந்தன. அதற்குப் பிறகு இந்தச் செடியைத் தூக்கிப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

விதை போட்டுப் புதுப் புது வகைகளை உண்டாக்கினார்கள். அது பெரிய பொறுமை வேண்டும் வேலை. விதையிலிருந்து முதலில் வேர் மட்டும் வரும். ஒரு குளிர்காலம் கழிந்தபிறகே தளிர் வரும். பூப்பதற்கு நாலைந்து ஆண்டு, சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். நூறு நாற்றில் ஒன்றாவது தேறினால் அதிர்ஷ்டம். தாய்ச்செடியின் குணம் விதையில் அப்படியே வராது.

குஸ்ஸி என்ற பிரபு சேர்த்த செடிகள் அவர் காலத்துக்குப் பின் காலோ என்ற தோட்டக்காரரிடம் வந்தன. காலோவின் செடிகள் நான்சி நகரத்துக் குரூஸிடம் போயின. அவருடையவை அதே ஊர் லெமுவானிடம் சேர்ந்தன. ஒருவர் வாழ்நாளில் முடியாத வேலை, கை மாறி மாறி நடந்தது.

1851இல் மியேல்லே என்பவர் "ஃபெஸ்டிவா மாக்சிமா" என்ற வகையை வெளியிட்டார். வெள்ளைப் பூ, நடுவில் அங்கங்கே குங்குமத் தீற்றல். 1856இல் காலோவின் "டச்சஸ் டி நெமூர்" வந்தது. 1906இல் லெமுவான் குடும்பத்தின் "சாரா பெர்னார்". அந்தக் காலத்து நாடக நடிகையின் பெயர். இந்த மூன்றும் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இங்கே நின்று யோசியுங்கள். விதையில் குணம் மாறிவிடும் என்றேன். அப்படியென்றால் 1851இன் பூ இன்று எப்படி அதே பூவாக இருக்கிறது? வேரைப் பிரித்து நட்டதால். இன்று உலகத்தில் எங்கே ஒரு ஃபெஸ்டிவா மாக்சிமா பூத்தாலும், அது 1851இன் அந்த ஒரே செடியின் உடம்பில் ஒரு துண்டு. நம் வீட்டு வாழைக்கன்றைப்போலத்தான். தாய் போனாலும் பக்கக்கன்று நிற்கிறது. பிரித்து நட ஒரு கை இருந்தவரை அந்தச் செடி சாகவில்லை.

*பெயர்க் குழப்பமும் கல்லறைப் பூவும்*

பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வட மாநிலங்களின் கடுங்குளிர் இதற்கு ஒத்துக்கொண்டது. ஆனால் 1900 வாக்கில் ஒரு பெரிய குழப்பம். ஒரே செடியைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்றார்கள். ஒரே பெயரில் நாலு வேறு செடி விற்றது. நட்டு மூன்று ஆண்டு காத்திருந்து பார்த்தால்தான் ஏமாந்தது தெரியும்.

இதைச் சரிசெய்ய 1903இல் அமெரிக்கப் பியோனி சங்கம் உருவானது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல நர்சரிகளின் செடிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, பூக்கும்வரை காத்திருந்து ஒப்பிட்டார்கள். 1907இல் முதல் பெயர்ப் பட்டியல் வந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தால் படும் பாடு எனக்குத் தெரியும். இவர்கள் பட்டது எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள் ஒன்று உண்டு. நெடுங்காலம் அது மே 30. வட மாநிலங்களில் சரியாக அந்த நேரத்தில் வீட்டுக் கொல்லையில் பூத்து நிற்பது பியோனி. கடையில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அப்படித்தான் அது ஏழை, பணக்காரர் என்றில்லாமல் எல்லார் வீட்டுப் பூவும் ஆனது. இந்தியானா மாநிலம் 1957இல் பியோனியைத் தன் மாநில மலராக்கியது.

*மிச்சிகனிலிருந்து ஒரு அழைப்பு*

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது மிச்சிகன் மாநிலத்தில் குடியிருக்கிறாள். பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். இந்தப் பதிவுக்காக நான் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், தற்செயலாக அவளிடமிருந்து அழைப்பு.

"சார், நல்லா இருக்கீங்களா? வீட்டுக்குப் பின்னாடி செவப்பு செவப்பா முளை வருது சார். களைன்னு நெனச்சுப் பிடுங்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடிவந்து தடுத்துட்டாங்க. இந்த வீட்டுல மொதல்ல இருந்த அம்மா நட்டதாம். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். பியோனியாம். அந்த எடத்துல சிமென்ட் தளம் போடலாம்னு இருந்தோம். என்ன சார் பண்றது?"

"கண்ணு, தளத்தைத் தள்ளிப் போடு. செடி உன்னைவிட மூத்தது" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் தோட்டத்தில் இருப்பதும் இதே செடியின் பங்குதானாம். அந்த வீட்டு அம்மா ஒரு காலத்தில் பிரித்துக் கொடுத்ததாம். பியோனி ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வீடு இடிந்து, ஆள் போன பண்ணைகளில்கூட இது மட்டும் வருடாவருடம் பூத்துக்கொண்டிருக்கும் என்பார்கள். புத்தகத்தில் படித்தது ஒரு மாணவி வாயால் வந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அவளுக்குச் சொன்னதை, குளிர் நாடுகளில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

வசந்தத்தில் தோண்டாதே. பூக்கட்டும், இலை இருக்கட்டும். இலைதான் அடுத்த ஆண்டுப் பூவுக்கு வேரில் சோறு சேர்ப்பது. செப்டம்பர், அக்டோபரில் தண்டு வாடத் தொடங்கியதும் தோண்டு.

வேரைக் கழுவினால் கழுத்துப் பகுதியில் சிவப்பு மொட்டுகள் தெரியும். கரும்புக் கரணையில் கண் இருக்கிறதே, அதுபோல. ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண் இருக்கும்படி கூர்மையான கத்தியால் பிரி. அழுகியதைச் சீவிவிடு. 950 ஆண்டுக்கு முன் வாங் குவான் எழுதியதும் இதைத்தான்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம், நீர் தேங்காத மண். கண்ணுக்கு மேலே மண் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இது முக்கியம். நம் ஊரில் ஆழ நட்டால் நல்லது என்று நினைப்போம். பியோனியை ஆழ நட்டால் இலை வரும், பூ வராது. பூக்காத பியோனிக்குப் பெரும்பாலும் ஆழமும் நிழலும்தான் காரணம்.

அதற்குக் குளிர் வேண்டும். சில வாரங்கள் நன்றாகக் குளிரில் உறங்கினால்தான் கண் விழிக்கும். நம் ஊரில் பூக்காததற்குக் காரணம் அதுதான்.

முதல் ஆண்டு ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். இரண்டாம் ஆண்டு ஓரிரு பூ. மூன்றாம் ஆண்டிலிருந்து பார். நடுவில் இடம் மாற்றாதே.

மொட்டில் எறும்பு ஏறும். மருந்து அடிக்காதே. மொட்டு சுரக்கும் இனிப்புநீருக்காக வருகிறது. எறும்பு இருந்தால்தான் பூ விரியும் என்பதும் கட்டுக்கதை, எறும்பு பூவைக் கெடுக்கும் என்பதும் கட்டுக்கதை. தியோபிராஸ்டஸ் இருந்திருந்தால் இதையும் குறித்து வைத்திருப்பார்.

அடுக்குப் பூ மழையில் நனைந்தால் கனம் தாங்காமல் சாயும். முன்கூட்டியே வளையம் வைத்து முட்டுக்கொடு. இலையுதிர் காலத்தில் வாடிய தண்டைத் தரையோடு வெட்டி, தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்து. மொட்டைக் கருக்கும் பூஞ்சை அந்தத் தண்டில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

அவள் ஊருக்குப் பக்கத்தில் ஆன் ஆர்பர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பியோனித் தோட்டம் இருக்கிறது. அப்ஜான் என்ற மருந்துத் தொழிலதிபர் 1922இல் கொடுத்த செடிகளிலிருந்து தொடங்கி, 1927இல் மக்களுக்குத் திறந்தார்கள். கடைகளில் இன்று கிடைக்காத பழைய வகைகளைக்கூட அங்கே பெயர் எழுதிக் காப்பாற்றி வருகிறார்கள். பிள்ளைகளோடு போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

*பூவைப் பார்க்காமல் போனவர்*

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வரவில்லை. தோக்கியோவில் தோயிச்சி இத்தோ என்று ஒருவர் இருந்தார். மரப் பியோனியையும் செடிப் பியோனியையும் கலக்கமுடியாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் விடவில்லை. திரும்பத் திரும்பத் தோற்று, 1948இல் மகரந்தச் சேர்க்கை பலித்தது. நாற்றுகள் வந்தன. அவை பூக்குமுன் 1956இல் அவர் இறந்துபோனார். பூத்தபோது, மஞ்சள். அதுவரை செடிப் பியோனிகளில் கிடைக்காத அடுக்கு மஞ்சள். இன்று அந்த வகை முழுவதற்கும் இத்தோ பியோனி என்றே பெயர்.

நாற்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கதை தனியாகப் புரியும். நாம் நட்டவற்றில் எது எங்கே பூத்தது என்று நமக்கு முழுவதும் தெரியப்போவதில்லை.

*நம் மலையில் இருப்பது*

நம் ஊரில் பியோனி இல்லை என்றேன். நம் நாட்டில் உண்டு. இமயமலையில், காஷ்மீர், இமாச்சலம், உத்தரகாண்ட் பகுதிகளில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து காட்டோரங்களில் வெள்ளை ஒற்றைப் பூவாகப் பூக்கிறது. அறிவியல் பெயரில் வரும் "எமோடி" என்ற சொல் இமயத்துக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. பாகிஸ்தானின் மலைப் பகுதிகளில் இதை "மாமேக்" என்கிறார்கள். இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பவர்களும் உண்டு.

நான் முன்னே சொன்ன ஊத் சலீப் வேருக்காக இந்தச் செடியைக் காட்டிலிருந்து தோண்டுகிறார்கள். தோண்டினால் முழுச் செடியும் போயிற்று. விதையிலிருந்து திரும்ப வர எத்தனை ஆண்டு என்று மேலே பார்த்தோம். பல இடங்களில் இது குறைந்து வருகிறது என்று தாவரவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

தோண்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மலையில் வேறு பிழைப்பு இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் வழி இருக்கிறது. யாங்சௌ தோட்டக்காரனும் வேரைத் தோண்டத்தான் செய்தான். சீவியதை எடுத்துக்கொண்டு, கண்ணுள்ள துண்டைத் திரும்ப மண்ணில் வைத்தான். சீனாவில் மருந்து வேரை வயலில் பயிராகவே வளர்க்கிறார்கள். இமயத்துப் பியோனியையும் அப்படி வயலுக்குக் கொண்டுவந்து, மலைக் கிராமத்தாருக்கு நாற்றும் விலையும் கிடைக்கச் செய்தால் காடும் மிஞ்சும், அவர்கள் பிழைப்பும் மிஞ்சும். சு ஷி செய்ததுபோல, முதலில் அவர்களிடம் போய்க் கேட்கவேண்டும்.

இதே வேரை வெட்டி எடுத்து முடித்துவிட்டவர்களும் உண்டு, பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஃபெஸ்டிவா மாக்சிமா நம் கைக்கு வந்தது இரண்டாமவர்களால். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். யாரோ கொடுத்த மல்லிகைப் பதியன், சேப்பங்கிழங்கு, சம்பங்கி, கறிவேப்பிலைக் கன்று. கொடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

 அடுத்த ஞாயிறு பார்ப்போம்.